ஹெலா வீட்டு முன்னறை வால்வு

பஃபலோ ஊரின் கிழக்குப் பக்கத்துப் போலந்துக்காரர் தெருக்களில் லுட்விக் கொர்சிட்சாவின் கை படாத ரேடியேட்டர், அதாவது நீராவியால் அறையைச் சூடாக்கும் இரும்புச் சட்டம், குறைவு. பகலெல்லாம் ரயில் பெட்டிப் பட்டறையில் வேலை. மற்ற நேரத்தில் யார் வீட்டிலாவது முழங்காலிட்டுக் கிடப்பார். அவர் மனைவி வழியில் மட்டும் பதினோரு வீட்டுச் சொந்தம். அத்தனை வீட்டு வால்வும் அவருக்கு ஆள் முகம்போல அடையாளம் தெரியும். "மார்த்தா சித்தி வீட்டு மூணாவது ரூம்தானே? அதுக்கு எப்பவும் பிடிவாதம்" என்பார், சாப்பிட்டுக்கொண்டே.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஜனவரியில் அவருடைய தங்கை ஹெலா வந்து நின்றாள். அவள் புருஷன் வாலென்டி நுரையீரலில் சளி கட்டி ஆறு வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்தான். திங்கட்கிழமை வீட்டுக்கு விடுகிறேன், ஆனால் படுக்கிற அறை நல்ல சூடாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவன் படுக்கவேண்டிய முன்னறை ரேடியேட்டரோ ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. வால்வுக்குள் வட்டு கழன்று விழுந்து, நீராவி வரும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் லுட்விக் பையைத் தூக்கிக்கொண்டு போனார். மாடியில் குடியிருப்பவர்களைக் கோட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பாய்லரை அணைத்தார். குழாய் ஆறியதும் பழைய வால்வு சுலபமாகக் கழன்றது. ஆனால் ரேடியேட்டரின் வாய்க்குள் திருகியிருந்த பித்தளைக் கழுத்து அசையவில்லை. புது வால்வுக்கு அதன் சொந்தக் கழுத்துதான் சேரும். பழையதை எடுத்தே ஆகவேண்டும். அது நாற்பது வருஷமாக இரும்போடு ஒன்றாக ஒட்டிப்போயிருந்தது.

வாலென்டியின் தம்பி ஜெனெக் வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

"மச்சான், ரெஞ்சுப் பிடியில நாலடிக் குழாயைச் சொருகுங்க. நானும் தொங்குறேன். ரெண்டு நிமிஷ வேலை."

"போன வருஷம் உங்க சித்தப்பா வீட்டு ரேடியேட்டர் வாய் பிளந்துச்சே, அதுல தொங்கினது யாருன்னு உன் அண்ணிகிட்டச் சொல்லவா?"

ஜெனெக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வார்ப்பிரும்பு ஒரு தடவை பிளந்தால் அதோடு சரி. மறுநாள் மதியத்துக்குள் வேறு ரேடியேட்டருக்கு எங்கே போவது? லுட்விக் இரும்பறுக்கும் ஆக்சா பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றி, கழுத்துக்குள் நுழைத்து, உள்ளிருந்தே அறுக்க ஆரம்பித்தார். விரல் அகலம் விட்டு இரண்டு வெட்டு. பித்தளை முழுக்க அறுபடவேண்டும், பின்னாலிருக்கும் இரும்பு மரை கெடக்கூடாது. பத்து இழுப்புக்கு ஒருமுறை ஊதிவிட்டுச் சுண்டுவிரலால் தடவினார்.

"மஞ்சத் தூள் வர்ற வரைக்கும் பயமில்ல. கறுப்பா வந்தா நிறுத்திரணும்" என்றார்.

"அண்ணே, சூப்பு ஆறுது. இதோட மூணு தடவை சுட வச்சுட்டேன்" என்றாள் ஹெலா.

"நாலாவது தடவையும் வை."

இரண்டாம் வெட்டில் மஞ்சளோடு கறுப்பு ஒரு துளி விழுந்தது. ஹெலாவும் பார்த்துவிட்டாள். லுட்விக் பிளேடை வெளியே எடுத்தார். சின்ன உளியை வைத்து, முட்டை ஓட்டைத் தட்டுவதுபோல் தட்டினார். நடுத்துண்டு உள்பக்கமாக மடங்கியது. மீதிக் கழுத்து சுருங்கிக் கையோடு வந்தது.

"ஒரு மரையில கீறல் விழுந்திருச்சு. என் தப்புதான். சணல் சுத்தினா தாங்கும்" என்று அவரே காட்டினார்.

புதுக் கழுத்தைச் சணல் சுற்றித் திருகினார். புது வால்வு கொஞ்சம் உயரம். ரேடியேட்டர் கால்களுக்கு அடியில் மரத்துண்டு வைத்தார். வால்வுக்கு எதிர்ப்பக்கத்துக் காலுக்கு மட்டும் இன்னும் ஒரு சில்லு. ஜெனெக் எங்கிருந்தோ ரசமட்டம் கொண்டுவந்து வைத்தான்.

"கோணலா இருக்கு மச்சான்."

"நேரா வச்சா தண்ணி எங்கடா போகும்? நீராவி ஆறித் தண்ணியாகி, வந்த வழியாத்தானே திரும்பணும். சாய்ஞ்சாத்தான் ஓடும்."

மறுபடி மூட்டிய பாய்லரில் சூடு ஏறியது. ஹெலா ரேடியேட்டரின் ஒவ்வொரு தூணாகக் கை வைத்துக்கொண்டே போனாள். கடைசித் தூணில் கையை வெடுக்கென்று இழுத்தாள். கீறல் விழுந்த இடத்தில் லுட்விக் காகிதத்தை ஒற்றிப் பார்த்தார். காய்ந்தே இருந்தது.

திங்கள் மதியம் வாலென்டி வந்து படுத்தான். சாயங்காலத்துக்குள் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"மச்சான், அந்த வால்வைப் பாதி மூடிவிடுங்களேன்."

வேலை முடிந்து வந்திருந்த லுட்விக் வால்வின் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பாதி மூடினா தண்ணி உள்ளயே நின்னு குழாயைச் சம்மட்டி மாதிரி அடிக்கும். முழுசாத் திற, இல்ல முழுசா மூடு. வேர்த்தா ஜன்னல் இருக்கு."

"டாக்டர் கேட்டா?" என்றாள் ஹெலா.

"ரூம் சூடா இருக்கான்னுதானே கேப்பாரு?"

அவள் ஜன்னலை நாலு விரல் அகலம் தூக்கினாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வாலென்டி போர்வையைக் காலால் தள்ளிவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான்.