அணைக்கு மேலே போன தெங்காஸ்

போன வாரம் ஒரு மீனின் மரபணுச் சோதனை முடிவுக்காக நான் சாமி கும்பிட்டேன். சிரிக்காதீர்கள். வீட்டு நிலைமை அப்படி.

என் அக்கா மகள் கோகிலா பல்கலைக்கழகத்தில் மீன் ஆராய்ச்சி செய்கிறாள். ரஹாங்கில் என் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். இரண்டு வருடமாக எங்கள் பிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குப்பிகள்... ஒவ்வொன்றிலும் நகத்துண்டு அளவுக்கு மீன் துடுப்பு. துடுப்பின் ஓரத்தில் கொஞ்சம் வெட்டிக்கொண்டு மீனை ஆற்றிலேயே விட்டுவிடுவாள். மீனுக்கு ஒன்றும் ஆகாதாம். எனக்குத்தான் தயிர் இறங்கவில்லை.

அவள் ஆராய்வது தெங்காஸ் என்ற மீனை. மழைக்காலத்தில் ஆற்றை எதிர்த்து நீந்தி, மேலே போய் முட்டையிடும். பெடாஸ் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் ஓடும் ஆற்றில், தொழிற்சாலைக்குத் தண்ணீர் தேக்க அந்தக் காலத்தில் ஓர் அணை கட்டியிருக்கிறார்கள். பெரிதில்லை, இரண்டு ஆள் உயரம். மீனுக்கு அது போதாதா? வெள்ளத்தோடு மேலேயிருந்து கீழே விழலாம். கீழேயிருந்து ஏற முடியாது.

அப்படியானால் மேலே இருக்கும் மீன்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர வேண்டும். "சொந்தத்துக்குள்ள கல்யாணம் நம்ம வீட்டுல நடக்காததா?" என்றேன். கோகிலா முறைத்தாள்.

"எல்லாம் ஒரே மாதிரி ஆயிடும் சித்தி. ஒரு நோய் வந்தா, ஒண்ணு தாங்கலன்னா ஒண்ணுமே தாங்காது."

வெளியே பார்த்தால் மீன் நன்றாகத்தான் இருக்குமாம். குறை உள்ளே, மரபணுவில்.

ஆனால் அவளுக்கு வந்த முடிவோ தலைகீழ். அணைக்கு மேலே இருந்த மீன்களிலும் கீழே இருந்தவற்றைப் போலவே எல்லா வகை மரபணுக்களும் கலந்திருந்தன. நடுவில் சுவரே இல்லாதது போல! அவளுடைய பேராசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "நீ லேபிளை மாற்றி ஒட்டியிருக்கிறாய்." காரணம் காட்ட முடியாவிட்டால் இரண்டு வருட வேலையும் குப்பைக்கு.

"நான் மாத்தல சித்தி," என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்குப் பிறகு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான்காம் நாள் காலை அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். இது மூன்று மாதத்துக்கு முன்.

அங்கே லெட்சுமி அக்கா இருந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு மருந்தடிக்கும் வேலை. ஐம்பது வயதுக்கு மேல். கோகிலாவுக்கு ஆற்றுக்கு வழிகாட்டியது முழுக்க அவர்தான்.

"அக்கா, மேல யாராச்சும் மீன் கொண்டுவந்து விட்டாங்களா?" என்று கோகிலா கேட்டாள்.

"எனக்கு என்னா தெரியும்மா? நான் மருந்தடிக்கிற பொம்பள," என்றார். பதில் கொஞ்சம் வேகமாக வந்தது. முப்பது வருடம் வகுப்பில் நின்றவள் நான். அந்த வேகம் எனக்குத் தெரியும்.

கோகிலா அணைச் சுவரின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "சரி லா அக்கா. நான்தான் தப்பா ஒட்டிட்டேன்னு சொல்றாங்க. ஒத்துக்க வேண்டியதுதான்."

லெட்சுமி அக்கா திரும்பினார். "ஒன்னையவா சொல்றாங்க?"

"ஆமா."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "டீச்சர், சொன்னா புடிச்சு உள்ள போட்ற மாட்டாங்களே?"

விஷயம் இதுதான். ஒவ்வொரு வருடமும் நவம்பர் மழையில் அந்தச் சுவருக்குக் கீழே தெங்காஸ் வந்து சேரும். லெட்சுமி அக்கா வலையோடு போவார். இரண்டு, சமையலுக்கு. மீதியைப் பெயிண்ட் வாளியில் போட்டு, மோட்டார் சைக்கிளில் வைத்து, மேட்டுப் பாதை வழியாக மேலே கொண்டுபோய் விட்டுவிடுவார். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த காலத்திலிருந்து.

"ஏன்க்கா?" என்றாள் கோகிலா.

"வயிறு நெறைய முட்டையோட வந்து செவத்துல முட்டிக்கிட்டே இருக்கும். வுழும். மறுபடி எகிறும். பாத்துக்கிட்டு சும்மா போவ முடியுமாம்மா?"

கோகிலா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். லெட்சுமி அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டு விழும் என்று நினைத்திருந்தார் போல.

பேராசிரியர் இதை லேசில் நம்பவில்லை. ஒருவர் சொன்ன கதை ஆதாரமாகுமா? நியாயமான கேள்விதான். வழி சொன்னதும் லெட்சுமி அக்காதான். அதே அணைக்கு மேலே ஒரு கிளை ஓடை இருக்கிறது. அது ஆற்றில் சேரும் இடத்தில், மீன் ஏற முடியாதபடி தனியாக ஒரு பழைய சுவர். "அங்க மோட்டார் போவாது. நானும் போனதில்ல."

சேற்றில் முழங்கால் வரை இறங்கி, மூவரும் அந்த ஓடைக்குப் போனோம். துடுப்புத் துண்டுகள் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. நான் சாமி கும்பிட்டது இந்த முடிவுக்குத்தான்.

போன வியாழக்கிழமை வந்தது. அந்த ஓடையின் மீன்கள் எல்லாம் அச்சில் வார்த்தது போல நெருங்கிய சொந்தம். வாளி போன இடத்தில் கலப்பு இருக்கிறது. வாளி போகாத இடத்தில் இல்லை. லேபிள் சரி. பேராசிரியர் மன்னிப்புக் கேட்டார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வருடத்துக்குச் சில மீன்கள் மேலே போனாலே போதும் என்கிறாள் கோகிலா. அதற்காக யாரும் வேற்று ஆற்று மீனைக் கொண்டுவந்து கொட்டிவிடக் கூடாதாம். அது வேறு வம்பு. லெட்சுமி அக்கா தூக்கியது அதே ஆற்று மீன். அந்த அணையில் மீன் ஏறப் படிபோல ஒரு வழி கட்டச் சொல்லித் தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லெட்சுமி அக்காவைப் பார்த்து விஷயத்தைச் சொன்னோம். "ஆராய்ச்சியில ஒங்க பேரப் போடுறேன்க்கா," என்றாள் கோகிலா.

"பேரெல்லாம் வேணாம்மா. இப்ப முட்டி வலிக்குது. நவம்பர்ல வாளி தூக்க ரெண்டு பேரு வந்தா போதும்."

நான் தம்பின் டவுனில் ஒரு கடையில் ரப்பர் பூட்ஸ் வாங்கிவிட்டேன். அளவுதான் கொஞ்சம் பெரிசு.