ஜான் எஸ், ஜான் டி

1. முதல் கேஸ்

காட்கோபர் ஸ்டேஷனுக்கு எதிரே மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்காவின் பழைய ரெஜிஸ்டர்கள் ஸ்கேனாக வரும். கையெழுத்தைப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். "கண்ணுக்குத் தெரிஞ்சதை அடி, மூளையைத் தொடாதே" என்பதுதான் அங்கே விதி. நாலு வருஷம் அப்படியே அடித்தேன். அதன் பிறகு, முன்னோரைத் தேடித் தரும் ரிசர்ச் டெஸ்க் ஒன்றைத் தொடங்கி, என்னை அதில் உட்காரவைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் கேஸ் எலன் என்ற எண்பது வயது அம்மாளுடையது. அவருடைய கொள்ளுத் தாத்தா ஜான் ஹாரிஸ், அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிடிபட்டு எதிரியின் கைதி முகாமுக்குப் போனவர். திரும்பவில்லை. ஊரில் கைக்குழந்தையோடு மனைவி மார்த்தா காத்திருந்தாள். முகாமிலேயே இறந்துவிட்டாரா, விடுதலையாகி வேறெங்கோ குடும்பம் வைத்துக்கொண்டாரா? எலனுக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டும்.

முகாம் ரெஜிஸ்டரில் இரண்டு ஜான் ஹாரிஸ் இருந்தார்கள். ஜான் எஸ். ஹாரிஸ் விடுதலையானவர். ஜான் டி. ஹாரிஸ் காய்ச்சலில் இறந்தவர். எலன் அனுப்பிய குடும்ப விவரத்தில் ஜானின் அப்பா பெயர் சாமுவேல். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நான் ஆர். விஜயா, அப்பா ராமசாமி. பக்கத்து டேபிள் தாராவிக்காரர் எம். செல்வராஜ், அப்பா முத்தையா. சாமுவேல் மகன் என்றால் எஸ்தானே! பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். "உங்கள் கொள்ளுத் தாத்தா உயிரோடு விடுவிக்கப்பட்டார்" என்று ரிப்போர்ட் போனது.

2. எம் எங்கிருந்து வந்தது?

இரண்டு நாள் கழித்து எலனிடமிருந்து பதில் வந்தது. "நன்றி. அப்படியானால் அவர் எங்களை விட்டுத்தான் போயிருக்கிறார். எங்கள் குடும்பம் சந்தேகப்பட்டது சரிதான்." கீழே எலன் எம். ஹாரிஸ் என்று கையெழுத்து.

செல்வராஜ் என் தோள்மேல் எட்டிப் பார்த்தார்.

"யக்கா, இந்தம்மாவோட அப்பா பேரு என்ன?"

"ராபர்ட்."

"அப்போ இந்த எம் எங்கருந்து வந்துட்டு?"

அவசரமாகத் தேடிப் பார்த்தோம். அவர்கள் ஊரில் நடுவிலிருக்கும் எழுத்து அந்த ஆளுக்கே வைத்த இன்னொரு பெயர். அப்பாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நாலு வருஷமாக ஆயிரக்கணக்கில் அந்த எழுத்துகளை அடித்தவள் நான். மூளையைத் தொடாமல் அடித்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது.

ரெஜிஸ்டரில் ரெஜிமென்ட்டுக்கென்று தனிக் கட்டமே இருந்தது. எலனிடம் அதைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கேட்டு மெயில் போட்டேன். ஜான் வீட்டுக்கு எழுதிய ஒரே கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அதன் தலைப்பில் இருந்த ரெஜிமென்ட், காய்ச்சலில் இறந்த ஜான் டி.யுடையது.

3. போன்

பாஸ் முலுண்ட்காரர், நம்ம தமிழர்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அரே விஜயா, ஜானே தோ, விட்டுடுங்க. 'கூடுதல் தகவல்'னு தலைப்பு போட்டு இன்னொரு ரிப்போர்ட் அனுப்பிடுங்க. தப்புன்னு நாமளே எதுக்கு ஒத்துக்கணும்? டெஸ்க்கையே இழுத்து மூடிடுவாங்க."

"மூடட்டும் சார். செத்துப்போன மனுஷனை ஓடிப்போனவன்னு எழுதியிருக்கேன். நான் போன்லதான் சொல்லுவேன்."

அவர் போனை என் பக்கம் நகர்த்தினார். நமக்குச் சாயங்காலம், அங்கே காலை. எலனே எடுத்தார். என் தப்பு என்ன, எப்படி நேர்ந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு ரெஜிஸ்டர் வரியைப் படித்தேன். பெயர், ரெஜிமென்ட், காய்ச்சல், கல்லறை எண்.

"இன்னொரு தடவை படியுங்கள்" என்றார். படித்தேன். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னார்.

"மார்த்தா சாகும்வரை அவர் பெயரைத் தன் வாயால் சொன்னதில்லையாம்" என்றார்.

எங்கள் அம்மாவும் அப்பா பெயரைச் சொன்னதில்லை. அது மரியாதை. மார்த்தாவுடையது ஆறாத கோபம். அந்தக் கோபத்துக்குத்தான் நான் ரிப்போர்ட் எழுதி, சீல் வைத்துக் கொடுத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டெஸ்க்கை யாரும் மூடவில்லை. ரிட்டையர் ஆகும்வரை அதில்தான் இருந்தேன். என் டேபிளுக்கு வந்தவர்களிடம் நான் சொன்னது ஒன்றுதான்: பெயர் பொருந்தினால் சந்தோஷப்படாதே, இன்னொரு சாட்சி கேள். உயிரோடு இருப்பவனைப் பற்றித் தப்பாக எழுதினால் சண்டைக்கு வருவான். செத்தவன் வரமாட்டான்.

அந்தப் போனுக்கு அடுத்த மாதம் எலன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். மார்த்தாவின் கல்லறைக் கல்லில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இத்தனை காலமும் வெறுமையாக விட்டிருந்த இடத்தில், புதிதாகச் செதுக்கியிருந்தார்கள்: ஜான் டி. ஹாரிஸ், மார்த்தாவின் கணவர்.