ராட்டினம் சுத்தப் போவமா?

சின்னாளபட்டிக் கனகாவின் வலது கை இடது கையைவிடச் சற்றுத் தடித்தது. ஆறு வயதில் ராட்டினத்தின் கைப்பிடியைப் பிடித்த கை. தறிக்கு வேண்டிய நூலைச் சுற்றிச் சுற்றியே நாற்பத்துமூன்று வயதாகிவிட்டது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறொன்றில்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சாயங்காலம், புருஷன் முத்துக்கிருஷ்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "ராட்டினம் சுத்தப் போவமா?" என்று கேட்டான். காலையிலிருந்து சுற்றிக் கை கடுத்துப் போயிருந்தவள், "இம்புட்டு நேரம் சுத்துனது காணாதா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவன் முகம் சுண்டிப்போனது. ஒட்டன்சத்திரம் சாலையில் புதிதாகத் திறந்திருந்த பொழுதுபோக்குப் பூங்காவைத்தான் அவன் சொன்னான் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் தெரிய ஒரு வாரமானது. அதற்குள் அவன் அந்தப் பேச்சையே விட்டிருந்தான். பிறகு எங்கேயும் கூப்பிடவில்லை. அவளுக்கும் வாய் வரவில்லை. ஓர் அசட்டுத்தனத்தை ஒப்புக்கொள்ள இருபத்திரண்டு வருஷம் எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், என்ன செய்ய.

போன மாதம் ஒட்டன்சத்திரத்தில் ஒரு காதுகுத்துக்கு இருவரும் பைக்கில் போனார்கள். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும், முருங்கைத் தோட்டத்துக்கு மேலே குடை ராட்டினத்தின் கூரை தெரிந்தது. பூங்காவை மூடி ஆறு வருஷமாகிறது. செத்த நேரம் நிறுத்தச் சொன்னாள் கனகா.

கம்பிக்கதவு சாய்ந்து கிடந்தது. வற்றிய குளத்தில் வாத்துப் படகுகள் புல்லுக்குள் நின்றன. நீலச் சறுக்குக் குழாயில் காற்று புகுந்து, தூக்கத்தில் யாரோ பேசுவதுபோல் முனகியது. நூல் சுற்றும்போதெல்லாம் இந்த இடத்தை அவள் மனசுக்குள் பார்த்திருக்கிறாள். அதில் கூட்டமே இருக்காது, அவர்கள் இருவர் மட்டும்தான். இப்போதும் அப்படியே இருந்ததால், நடப்பது நிஜந்தானா என்று அவளுக்கு விளங்கவில்லை.

குடை ராட்டினத்தில் ஒரு குதிரைக்கு மட்டும் காது மிச்சமிருந்தது. அதன் முதுகைத் தடவியபடி சொன்னாள்.

"அன்னைக்கு நான் நம்ம வீட்டு ராட்டினம்னு நெனச்சுப்புட்டேங்க."

அவன் குதிரையின் மறுபக்கம் வந்து நின்றான்.

"என்னோட வரப் பிடிக்கலைன்னுல்ல நெனச்சேன்" என்றான்.

கனகா முந்தானையால் குதிரையின் முதுகுத் தூசியைத் துடைத்தாள். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டான். தலையைச் சொறிந்தான்.

"ராட்டினம் சுத்தப் போவமா?"

அவள் குதிரைமேல் ஏறி உட்கார்ந்தாள். அவன் கம்பியைப் பிடித்துத் தள்ளினான். முதலில் அசையவில்லை. பிறகு கிறீச்சிட்டு நகர்ந்தது. முருங்கை மரங்களும் தூரத்து மலையும் மெல்லச் சுற்றி வந்தன. அவளுடைய வலது கை மடியில் சும்மா கிடந்தது. அவன் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டவும், முப்பத்தேழு வருஷப் பழக்கம் அவள் வாயில் வந்துவிட்டது.

"மெதுவா சுத்துங்க, நூல் அறுந்துரும்."