நன்றி சொன்னால் வேர் பிடிக்காது

“நன்றின்னு ஒரு சொல்லு வந்துது, கன்னைப் பிடுங்கி உள்ள வெச்சுக்குவேன்!” என்று ராயீசா அதட்டியதும், திராட்சைக் கன்று வாங்கிய பெண் வாயைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டினாள். கன்றுக்கு நன்றி சொன்னால் வேர் பிடிக்காது. சும்மா கொடுத்த செடியானாலும் ஒரு சில்லறைக் காசு கைமாற வேண்டும். உக்ரைனின் மிக்கொலாயிவ் நகரச் சந்தையில் இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ராயீசா யாரையும் நம்புவதில்லை.

அறுபதைத் தாண்டியவள். போர் வந்த பிறகு ஊர்க் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். அதனால் மழைத் தண்ணீரைப் பழைய பாட்டில்களில் பிடித்து வைத்து, தன் தேநீருக்கு முன்னால் கன்றுகளுக்கு ஊற்றுவாள். அபாயச் சங்கு ஊதினால் மற்றவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட, இவள் தக்காளி நாற்றுத் தட்டை ஏந்திக்கொண்டு நிலவறைக்குள் இறங்குவாள்.

பக்கத்தில் கருவாடு விற்கும் க்ளிம் செய்தியே கேட்பதில்லை.

“அக்கா, இன்னைக்கு என்ன அதிகமா விக்குது?”

“முள்ளங்கி விதை.”

“அப்ப சண்டை இப்போதைக்கு நிக்காது!”

முள்ளங்கி ஒரு மாதப் பயிர். எங்கோ சமாதானப் பேச்சு என்று காதில் விழுந்தால் போதும், மறுநாளே ஜனங்கள் ஆப்பிள் கன்று கேட்டு வருவார்கள். அந்த வாரமே ஏவுகணை விழும், மறுபடி முள்ளங்கி. போன வசந்தத்தில் ராயீசாவும் ஏமாந்து, வால்நட் கன்றாக வாங்கிக் குவித்தாள். பாதி காய்ந்து விறகானது. “அவங்க பேசுன பேச்சுக்கு நான் தண்ணி ஊத்துனேன்” என்பாள்.

அவளுடைய சொந்த நிலம் தெற்கே ஒரு மேட்டில் இருக்கிறது. ஏப்ரிகாட் தோப்பு. ரஷ்யப் படை அங்கே பதுங்கு குழி வெட்டி, திரும்பிப் போகும்போது கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போனது. பக்கத்து நிலத்துக்காரன் டிராக்டரோடு ஒரு காலையும் இழந்தான். அதன்பின் அந்த மேட்டில் யாரும் கால் வைக்கவில்லை.

தானியக் கம்பெனி ஆள் ஒருவன் அந்த நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்டு வந்தான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நினைக்கிற ரகம்.

“வெடி எடுக்க வருஷக்கணக்காகும்மா. அதுவரைக்கும் முள்ளங்கி வித்தே காலம் தள்ளிடுவீங்களா?”

“முள்ளங்கியோட காரம் உனக்குத் தெரியாது தம்பி” என்றாள். வாய்தான் அப்படி. வீட்டு வாடகை நாலு மாதம் பாக்கி நிற்கிறது. முதல் பனி விழுவதற்குள் நிலம் சுத்தமாகாவிட்டால் கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போய் வாய்விட்டு அழுதாள்.

இலையுதிர் காலம் முடியப்போகிற நேரத்தில், வெடி எடுக்கும் படையின் ஒஸ்தாப் சேற்றுப் பூட்ஸோடு சந்தைக்குள் வந்தான். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு குச்சி. அடியில் வேர் இருந்தது.

“அக்கா, மேடு பூரா பாத்தாச்சு. இனி நீங்க செருப்பில்லாமக்கூட நடக்கலாம். கருகின மரத்தடியில நோண்டும்போது இது நின்னுச்சு. உங்க ஏப்ரிகாட்டுதான்.”

க்ளிம் துள்ளி எழுந்தான். “அட, கடவுளுக்கு நன்…”

ராயீசா முறைத்த முறைப்பில் மீதிச் சொல்லை விழுங்கிக்கொண்டான்.

அவள் உதடுகளை இறுக மூடியபடி கன்றை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது. மறு கையால் இடுப்பில் கட்டிய முன்துணியின் பையைத் துழாவி ஒரு ஹ்ரிவ்னியா நாணயத்தை எடுத்து, ஒஸ்தாப்பின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.