சிஸ்டரின் பின்சக்கரம்

சீருடை தைக்கும் அந்தக் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாஸ்டர் என்றால் அவர்தான். நீள மேசையில் அறுபது அடுக்குத் துணியை விரித்து, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, மின்சாரக் கத்தியை அந்தக் கோட்டின் மேல் ஓட்டுகிற கட்டிங் மாஸ்டர். கத்தி கொஞ்சம் விலகினால் அறுபது சட்டையும் வீண். அவர் கையில் அது விலகியதாகச் சரித்திரம் இல்லை.

வீட்டிலிருந்து கம்பெனிக்குப் பதினோரு கிலோமீட்டர். கம்பெனி வேன் தெருமுனைக்கே வரும், அவர் ஏறமாட்டார். சைக்கிள்தான், அதுவும் தனியாகத்தான். பகல் முழுக்க இயந்திர இரைச்சல், வீட்டுக்கு வந்தால் டிவி இரைச்சல். நடுவில் கிடைக்கிற அந்த நாற்பது நிமிஷம் அவருக்கே அவருக்கானது. அதற்குள் மேனேஜரை மனசுக்குள் கிழிகிழியென்று கிழிப்பார். மச்சானுக்குப் பத்து வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய பதிலைச் சாவகாசமாகச் சொல்லுவார். பாட்டு வரி மறந்துபோனால் தானே ஒன்றைப் போட்டுப் பாடிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டார், ஏரிக்கரைச் சாலையில் தோன்றிய இடத்தில் நின்று, தோன்றிய நேரத்தில் திரும்புவார்.

"என்ன, சின்ன வீட்டுக்குக் கிளம்பியாச்சா?" என்று மனைவி கேட்பாள்.

அந்தச் சாலையில் ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையாகச் சைக்கிளில் எதிர்ப்படுவார்கள். முன்னால் ஒருவர் விசில் ஊதுவார். மாஸ்டருக்குச் சிரிப்பு வரும். "வீட்டுக்குத் திரும்பி வர வழி தெரியாத ஆளுங்க போலிருக்கு. ஒருத்தர் முதுகைப் பாத்துத்தான் ஒருத்தர் போறாங்க" என்று மனைவியிடம் சொல்லுவார்.

நாற்பத்தேழாவது வயதில் அது ஆரம்பித்தது. ஒருநாள் இடதுபக்கம் நின்றிருந்த தள்ளுவண்டி மேல் போய் மோதினார். "கண்ணைப் பின்னாடியா வெச்சிருக்கீங்க?" என்றான் வண்டிக்காரன். அடுத்த மாதம் ஒரு நாய். அதற்கடுத்து, பக்கத்துச் சந்திலிருந்து வந்த ஒரு ஸ்கூட்டர், மயிரிழையில் தப்பினார். வயசாகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போனார். ஒரு பெட்டிக்குள் தலையை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கிற புள்ளியைப் பார்த்துக்கொண்டே, சுற்றி எங்கே வெளிச்சம் மின்னினாலும் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். மாஸ்டர் வெகுநேரம் காத்திருந்தார். வெளிச்சமே வரவில்லை.

"மெஷின் ரிப்பேருங்களா?" என்று கேட்டார்.

மருத்துவர் மெஷினிலிருந்து வந்த தாளை எடுத்துப் பார்த்தார். பக்கப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும், நிறுத்த மருந்து இல்லை என்று நிதானமாகச் சொன்னார். "வண்டி ஓட்டறதை விட்டுடுங்க."

"என்கிட்ட சைக்கிள்தான் இருக்கு."

"சைக்கிளும் வண்டிதான் சார்."

அந்தத் தாளை நான்காக மடித்துக் கம்பெனி அலமாரியில், வெட்டு அளவு அட்டைகளுக்கு அடியில் வைத்தார். வீட்டில், "கண்ணாடி மாத்தணுமாம்" என்றார். கம்பெனியில் அதைக்கூடச் சொல்லவில்லை. பக்கம் தெரியாத ஆளிடம் யார் கத்தியைக் கொடுப்பார்கள்?

அதற்குப் பிறகு தனியாகப் போவது நரகமாகிவிட்டது. ஒவ்வொரு சந்திலும் இறங்கி நின்று, கழுத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, பிறகுதான் ஏறுவார். மேனேஜரைத் திட்ட நேரம் இல்லை, பாட்டும் நின்றுபோயிற்று. இரண்டு தடவை விழுந்தார். கம்பெனி வேனில் ஏற ஆரம்பித்தார். "சின்ன வீட்டோட சண்டையா?" என்று மனைவி கேட்டதற்கு, "முழங்கால் வலி" என்றார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிறு, ஏரிக்கரைக்குப் போகிற வழியில் அந்தக் கும்பல் புறப்படுகிற இடத்தில் போய் நின்று, "நானும் வரலாமா?" என்று கேட்டார். விசில் ஊதுகிறவர் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் விசில் சார். "தாராளமா வாங்க மாஸ்டர். இங்க ஒரே ஒரு சட்டம்தான். முன்னாடி போறவர் பாக்கறதைப் பின்னாடி இருக்கறவருக்குச் சொல்லணும்."

அந்த ஒரு சட்டம் போதுமாக இருந்தது. "குழி!" என்று முன்னாலிருந்து குரல் வரும். "இடதுல ஆள்!" "பின்னாடி லாரி!" மற்றவர்களுக்கு அது எச்சரிக்கை. மாஸ்டருக்கு அதுதான் கண். சிறுநீரக வார்டில் நர்ஸாக இருந்த ஒரு பெண்ணின் பின்னாலேயே எப்போதும் இடம் பிடித்துக்கொள்வார். சிஸ்டர் ஒரே சீராக மிதிப்பாள். குலுக்கல் கிடையாது, திடீர் பிரேக் கிடையாது. அவளுடைய பின்சக்கரம் அவர் பார்வைக் குழாய்க்குள் சரியாக அடங்கியது. துணியில் போட்ட கோட்டைப் பிடிக்கிற மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு போவார்.

"மாஸ்டர் மாதிரி ஒழுங்கா வரிசை பிடிக்க இங்க ஆள் இல்ல" என்று விசில் சார் மெச்சியபோது, அவர் குனிந்து செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இப்படிக் கும்பலோடு போவது அவருக்கு முழுக்கப் பிடித்தது என்றும் சொல்ல முடியாது. தண்ணீர் குடிக்கக்கூட விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஏரியைத் திரும்பிப் பார்க்க முடியாது. நான்கு மாதத்தில் அவர் ஏரியைப் பார்க்கவே இல்லை, ஒரு சக்கரத்தைத்தான் பார்த்தார். ஆனாலும் காற்று முகத்தில் அடித்தது. சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பார். சொன்னால் இதுவும் போய்விடும்.

ஐந்தாவது மாதம் ஒரு காலை விசில் சார் புதிதாக ஒன்று சொன்னார். "இன்னிக்கு மாத்தி மாத்தி முன்னாடி போகலாம். ஆளுக்கு ரெண்டு நிமிஷம். எல்லாரும் பழகணும்."

முடியாது என்ற சொல் மாஸ்டருக்கு வாய்வரை வந்தது. என்ன காரணம் சொல்வது என்று தேடுவதற்குள் முறை வந்துவிட்டது. தன் முறை முடிந்த சிஸ்டர் அவருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ள, முன்னால் போனார். சாலை நேராக, காலியாகக் கிடந்தது. எதிரே ஒரு சக்கரமும் இல்லாமல், பழைய நாள் போலத் திறந்த வழி. அவரையும் அறியாமல் வேகம் கூடியது. ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தார்.

சாலையோரம் வேலை நடந்த இடத்தில் மஞ்சள் டிரம் ஒன்றை வைத்திருந்தார்கள். அது அவர் கண்ணில் பட்டபோது கைப்பிடியைத் தொடுகிற தூரத்தில் இருந்தது. குரல் கொடுக்கவில்லை, வலப்பக்கம் வெடுக்கென்று ஒடித்தார். அவர் பின்சக்கரம் சிஸ்டரின் முன்சக்கரத்தைத் தட்டியது. பின்னால் இரும்பு தார்ச்சாலையில் இழுபடுகிற சத்தம், ஒரு அலறல், அதன் மேல் இன்னும் இரண்டு பேர் விழுகிற சத்தம். எல்லாம் காதில்தான் கேட்டது. இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, கீறல்கூட இல்லாமல் நின்றிருந்தவர் அவர்தான்.

சிஸ்டர் வலது தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். விசில் சாருக்கு மூச்சு வாங்கியது. "அவ்வளவு பெரிய டிரம்! மஞ்சக் கலரு! தெரியலையா மாஸ்டர்?"

"பாத்தேன்… பிரேக் பிடிக்கல."

விசில் சார் மாஸ்டரின் சைக்கிளைத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக்கை அழுத்தினார். சக்கரம் ஆணி அடித்துவைத்த மாதிரி நின்றது.

சிஸ்டரின் தோளெலும்பு மூன்று துண்டு. கம்பி வைத்துக் கட்டினார்கள். மாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போனார். மூன்று தடவையும் வார்டு வாசல்வரை போய்த் திரும்பினார். கத்தியை ஓட்டும்போது தன் இடது கை எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு மதியம் கர்ரென்று சத்தம். கத்தி அவர் இடது கையில் மாட்டியிருந்த கம்பிவலை உறையில் ஏறி நின்றிருந்தது. உறை இல்லாவிட்டால் நான்கு விரல் துணியோடு போயிருக்கும்.

மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார். இறங்கக் கூடாது, கழுத்தைத் திருப்பக் கூடாது, வருவது வரட்டும் என்ற முடிவோடுதான் கிளம்பினார். ஐந்து சாலை கூடுகிற ரவுண்டானாவில் நுழைந்தார். நான்கு பக்கமும் ஹாரன், ஒன்றும் தெரியவில்லை. பேருந்து ஒன்று முழங்கையை உரசிக்கொண்டு போனது. "சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று யாரோ கத்தினார்கள். கால் தானாகத் தரையில் ஊன்றியது. சாகவும் துணிச்சல் இல்லை, நகரவும் தெரியவில்லை. போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டிப்போகும்வரை அப்படியே நின்றார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து, மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

அவள் அழவில்லை. "இத்தனை மாசமா பக்கத்துல படுத்துக்கிட்டு, கண்ணாடி மாத்தணும், முழங்கால் வலின்னு சொன்னீங்களே" என்றாள். "நான் என்ன செத்தா போயிட்டேன்?" சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்தபோது புடவை மாற்றியிருந்தாள். "எழுந்திருங்க. முதல்ல கம்பெனி. அப்புறம் அந்தப் பொண்ணு வீடு."

கம்பெனியில் மேனேஜர் அலமாரித் தாளைப் படித்துவிட்டு அன்றே கத்தியை வேறொருவரிடம் கொடுத்தார். மாஸ்டருக்கு வெட்டிய துணிகளைக் கட்டுக் கட்டும் மேசையில் இடம். இந்த மாதம்வரை மட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

சிஸ்டர் தன் வீட்டு முன்னறையில் தலையணை மேல் கையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் நின்றபடியே சொன்னார். பிரேக் பொய் என்பதையும் சொன்னார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா பத்திரமாக் கூட்டிட்டுப் போயிருப்போம்னு சொல்ல மாட்டேன் மாஸ்டர்" என்றாள் கடைசியில். "வர வேணாம்னுதான் சொல்லியிருப்போம். அது உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் என் பின்னாடி வந்தீங்க."

"ஆமா சிஸ்டர்."

"நோயாளியைத் தூக்கற வேலை எனக்கு. இந்தக் கை தோளுக்கு மேல எழும்பாதுங்கறாங்க."

அந்தக் கையைத் தேடி மாஸ்டர் கழுத்தைத் திருப்பினார்.

"இப்ப நான் தெரியறேனா?" என்று கேட்டாள்.

"முகம் தெரியுது. கை தெரியல."

சிஸ்டர் இடது கையால் கட்டுப் போட்ட வலது கையைத் தாங்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக அவர் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள்.

"பாருங்க" என்றாள்.

அவர் பார்த்தார். வீங்கிய விரல்களையும், அழுக்கேறிய கட்டையும், அதன் ஓரத்தில் தெரிந்த தையலையும், அவள் கை வலித்துக் கீழே இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.