படுத்து வளர்ந்த மரம்

நடந்தவை:

1. மாமா ஒரு கொப்பு கொண்டுவந்தார்.
2. அது வேர்விட்டது.
3. மரம் நிற்க மறுத்துப் படுத்துக்கொண்டது.
4. எனக்கு நாய்க்குட்டி கிடைத்தது.

மூன்றாவது இல்லாமல் நான்காவது இல்லை.

மாமா, அம்மாவின் தம்பி. மாசி என்ற புறநகரில் ஒரு நாற்றுப்பண்ணையில் அவருக்கு வேலை. அங்கே நியூ கலிடோனியாத் தீவின் ஊசியிலை மரம் ஒன்று நின்றது. காட்டில் அருகிவரும் இனம். அதில் வெட்டிக் கழித்த பக்கக் கொப்பொன்றை கிளென் ஈடனில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊரில் வேலிக்கு, நட்டால் துளிர்க்கும் கதியால் தடி போடுவதுபோல ஒரு வாளி மண்ணில் குத்திவிட்டார். செதில் செதிலாக இலை மூடிய கொப்பு, பின்னிய கயிறு போல இருந்தது.

எனக்கு ஐந்து வயது. நாய்க்குட்டி கேட்டு அழுதுகொண்டிருந்தேன். அப்பா வாளியைக் காட்டினார்.

"உந்த மரம் உன்னைவிட வளரட்டும். அண்டைக்கு வாங்கித் தாறன்."

"அத்தான், இது தென்னையை விட வளர்ற சாதி. இப்பவே நாய்க்குப் பேர் வையுங்கோ!" என்றார் மாமா.

கொப்பு துளிர்த்தது. ஆனால் துளிரெல்லாம் பக்கவாட்டில் போனது. மாமா தடி நட்டுக் கட்டினார். நுனி மறுபடி கிடையாகத் திரும்பியது. "சோம்பேறி மரம்" என்றார் அம்மா. வாளிகள் பெரிதாகின, மரம் எழும்பவில்லை. நானோ உயர்ந்துகொண்டே போனேன்.

பத்து வயதில் பக்கத்துத் தெரு வீட்டுக்கு மாறினோம். பெட்டிகளைப் பிரிக்கும் முன்பே மாமா குழி வெட்டி மரத்தை நிலத்தில் வைத்தார்.

"பிள்ளை, இதுக்குப் பக்கத்தில படு."

ஈரப் புல்லில் படுத்தேன். குதிகாலை மரத்தின் அடியோடு சேர்த்து வைத்தார். மரத்தின் நுனி என் தலையைத் தாண்டியிருந்தது.

"அத்தான், வந்து பாருங்கோ!"

"உது வளர்த்தியோடா? படுத்தெல்லோ கிடக்கு!"

"பிள்ளையும் படுத்துத்தானே கிடக்கு!"

அப்பா சிரித்த சிரிப்பில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை நாய்க்குட்டி வந்தது.

இந்த வகை மரத்தில் பக்கக் கொப்பின் நுனி, தனி மரமான பிறகும் பக்கக் கொப்பாகவே வளரும். உச்சி நுனியை நட்டால்தான் நிமிரும். இதைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். கதியால் போட்டுப் பழகிய மாமாவுக்கு எல்லாக் கொப்பும் ஒன்றுதான்.

இன்னொன்று புரிய அதைவிட நாளானது. புது வீடு சொந்த வீடு; பழையது வாடகை வீடு. நாய் வளர்க்க அனுமதியில்லை. அதை என்னிடம் சொல்ல மனமில்லாமல்தான் அப்பா மரத்தைக் காட்டியிருக்கிறார். மரம் ஏன் அத்தனை வருடம் வாளியிலேயே இருந்தது என்று நான் கேட்டதேயில்லை.

நாய் இப்போது இல்லை. மரம் இருக்கிறது: உயரம் என் முழங்கால் வரை, நீளம் வேலி வரை.