ராகேல் இரண்டு முறை ஏலம் எடுத்த கார்

ராகேல் ஒரே காரை ஒரே நாளில் இரண்டு முறை விலைக்கு வாங்கினாள். இரண்டாவது முறைக்குக் காரணம் அவள் கணவர் யேசுரத்தினம்தான் என்று ஊருக்கே தெரியும். அவர் மட்டும் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

கருங்கல் பக்கத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை என்றால் அவரவர் விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கோயிலில் காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, பலாச்சக்கை, காலைக் கட்டிப்போட்ட சேவல் என்று ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். ஏலம் எடுத்தவருக்குக் கொஞ்சம் கை தாராளம் என்றால் பணத்தையும் கட்டிவிட்டு, "சபைக்கே" என்று சொல்லிப் பொருளைத் திரும்ப வைத்துவிடுவார். அது மறுபடியும் ஏலத்துக்குப் போகும். ஒரு சேவல் நாலு பேர் பணத்தைத் தின்ற பிறகுதான் யாராவது ஒருவர் வீட்டுக் குழம்பில் விழும். யேசுரத்தினம் உரக்கடை வைத்திருந்தவர். யாரிடமும் 'இல்லை', 'முடியாது' என்று சொல்ல அவருக்கு வராது. ஆமென் எவ்வளவு சுலபமாக வருமோ அவ்வளவு சுலபமாக அவர் வாயில் 'சபைக்கே' வரும்.

அந்த வருஷம் காணிக்கையாக ஒரு கார் வந்து நின்றது. ஊரில் பெரிய டாக்டர் என்று ஒருவர் இருந்தார். இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து வீட்டை விற்ற பேரப்பிள்ளைகளுக்கு, ஓலைக் கொட்டகையில் கிடந்த அந்தக் காரை என்ன செய்வதென்று தெரியவில்லை. கோயிலுக்குக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள். ஆள் முட்டி உயரம்தான் கதவு. இரண்டே சீட்டு. துணிக்கூரை இருந்த இடத்தில் கம்பி மட்டும் மிச்சம். பச்சைப் பெயிண்டில் பாதி துருவாகியிருந்தது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

ராகேல் சிரிக்கவில்லை. அவள் வாலிபத்தையெல்லாம் குவைத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாகக் கழித்தவள். ஹாஸ்டலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து ஹாஸ்டலுக்கு, ஜன்னலுக்குத் திரை போட்ட வேனில் போய்வந்தவள். பக்கத்தில் கடல் இருக்கிறது என்று சொல்வார்கள். வேனை எங்கே நிறுத்துவது என்பது டிரைவர் பாடு. ஊருக்கு வந்த பிறகு, நரைத்த தலையோடு எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினாள். வீட்டில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. சாவியைத் தரமாட்டேன் என்று யேசுரத்தினம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவள் கேட்பதற்குள் அவரே ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்துவிடுவார். இந்தப் பச்சை வண்டியைப் பார்த்ததும் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். இது என்னுடையதாக இருக்க வேண்டும், இதை நான் ஓட்ட வேண்டும்.

ஏலம் கேட்டாள். வேடிக்கைக்கு இரண்டு பேர் போட்டிக்கு வந்தார்கள். பிறகு விலகிக்கொண்டார்கள். மூன்றாம் தரமும் சொல்லி மணி அடித்தாயிற்று. அந்த நிமிஷத்தில் பக்கத்தில் நின்ற யேசுரத்தினத்துக்குப் பெருமை தாங்கவில்லை. கையைத் தூக்கி, "சபைக்கே!" என்றார்.

கூட்டம் கைதட்டியது. சபையார் முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. இந்தமுறை மார்த்தாண்டத்து ஆக்கர் கடைக்காரரும் இறங்கினார். பழைய இரும்பை எடைபோட்டே பழகிய கண்ணால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து விலை கேட்டார். ராகேல் கூட்டினாள். அவர் கூட்டினார். யேசுரத்தினத்தையும் இழுத்துக்கொண்டு மேசைக்கு முன்னாலேயே போய் நின்று அவள் விலையை ஏற்றிய வேகத்தில் ஆக்கர் கடைக்காரர் கடைசியில் கும்பிடு போட்டார். மணி அடித்ததும் அவள் செய்த முதல் வேலை, புருஷன் வாயைக் கையால் பொத்தியதுதான்.

வண்டி டெல்வினுடைய ஒர்க்ஷாப்புக்குப் போனது. டெல்வின் நல்ல மெக்கானிக், பொறுமை மட்டும் கிடையாது. பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு அன்றைக்கே சொல்லிவிட்டான்.

"அக்கா, இத நோண்டிட்டு இருந்தா நமக்கு ஆயுசு பத்தாது. ஒரு மாருதி எஞ்சின தூக்கி வைப்போம். சும்மா பறக்கும்."

"பழைய காரு வேணும்னுதான் மக்கா வாங்கினேன். புதுக் காருக்குப் பழைய சட்டைய மாட்டி எனக்கு என்னத்துக்கு?"

இங்கிலாந்திலிருந்து பார்சல் பார்சலாகச் சாமான் வந்தது. கடல்காற்று தின்ற தகரத்தை ராகேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். உள்ளங்கை காய்த்துப்போயிற்று. எஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவில் காற்றை இழுத்தால்தான் வண்டி நிற்காமல் ஓடும். அவள் பழைய ஸ்டெதஸ்கோப்பைக் கொண்டுவந்து, அதன் ரப்பர்க் குழாயை ஒவ்வொன்றின் வாயிலும் வைத்துக் காதில் கேட்டாள். ஒன்று சீறியது, மற்றது முனகியது. டெல்வின் திருகைத் திருக, அவள் கேட்டுச் சொல்ல, எஞ்சின் அரை நிமிஷம் ஓடி நின்றது. மறுநாளும் அரை நிமிஷம்தான். டெல்வின் ஸ்பானரைத் தூக்கி எறிந்தான். ராகேல் எடுத்து அவன் கையிலேயே கொடுத்தாள்.

அப்படியிருக்கும்போது பெங்களூரில் இருந்த மகள் பெபிஷாவுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. ராகேல் போய் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினாள். கருங்கல் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு இறங்கினால், எதிரே பளபளவென்று பச்சைக் கார். ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் யேசுரத்தினம், பக்கத்தில் டெல்வின். பரீட்சையில் பாஸான பையனுடைய முகம்தான் அவர் முகம்.

ராகேலுக்கு முகம் மலரத்தான் செய்தது. மறுகணம் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. அது அவள் குழாய் வைத்துக் கேட்ட சத்தம் இல்லை. பானட்டைத் தூக்கினாள்.

"இதுக்க எஞ்சின் எங்க?"

டெல்வின் யேசுரத்தினத்தைக் கை காட்டினான்.

"நான்தான் மாத்தச் சொன்னேன் ராகேலு," என்றார் யேசுரத்தினம். "நீ வரும்ப ஓடிட்டு நின்னா சந்தோசப்படுவேன்னு… பழையத ஆக்கர் கடையில போட்டாச்சு."

அவள் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதாள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்கவில்லை. அவர் செய்தது பாசத்தில்தான், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் வயிற்றெரிச்சலைக் கூட்டியது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பாள். இவரை என்ன கேட்பது? கண்ணைத் துடைத்துக்கொண்டு, காரில் ஏறாமல், பெட்டியோடு ஒரு ஆட்டோவைப் பிடித்து நேரே மார்த்தாண்டம் போனாள்.

ஆக்கர் கடை வாசலில் கோயம்புத்தூர் லாரி நின்றது. இரும்பு முழுக்க ஏற்றியாயிற்று.

"எஞ்சின் அடியில போச்சே அக்கா. இனி உருக்கத்தான்," என்றார் கடைக்காரர்.

"இறக்குங்க."

"முழு லோடையுமா? நல்ல கதையாட்டு இருக்கே! ஆளுகளெல்லாம் சாயை குடிச்சப் போயாச்சு."

"வரட்டு. நான் இஞ்ச இருக்கேன்."

லாரி டிரைவர் ஏறுகிற படியில் பெட்டியை வைத்து, அதன்மேல் உட்கார்ந்தாள். டிரைவர் வந்து கெஞ்சினார். எழுந்திருக்கவில்லை. ஆட்களுக்கு அவளே கூலி பேசி, அவர்களோடு நின்று, கட்டில் கால், ஜன்னல் கம்பி, தையல் மெஷின் எல்லாம் இறங்கிய பிறகு எஞ்சின் கண்ணில் பட்டது. ஒரு கார்புரேட்டர் நசுங்கியிருந்தது. மற்றபடி உடைவு இல்லை. கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீங்க மூணாந்தரமும் காசு குடுத்து வாங்குதீங்க, கேட்டேளா?"

"நாலாந்தரமும் வாங்குவேன். எடுத்து வைங்க."

வீட்டுக்கு வந்ததும் யேசுரத்தினத்திடம் சத்தம் போடவில்லை. சோறு போட்டுக்கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்க மனசு எனக்குத் தெரியும். ஆனா இனி எனக்குள்ளத எடுத்து எனக்கே தானம் பண்ணாதீங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். காலையில் ஒர்க்ஷாப்பில் மாருதி எஞ்சினைக் கழற்றும்போது சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

நசுங்கின கார்புரேட்டருக்குப் பதில் வர மழைக்காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தது, பொருத்தியாயிற்று, ராகேல் குழாயை வைத்துக் கேட்டாள். இரண்டும் ஒரே சீறல். எஞ்சின் நிற்கவில்லை. டெல்வின் மூன்று தரம் அல்லேலூயா சொன்னான்.

மறுநாள் ராகேல் வண்டியைத் தேங்காய்ப்பட்டணத்துக்கு எடுத்தாள். இடது பக்கம் யேசுரத்தினம், முட்டி நெஞ்சில் இடிக்க ஒடுங்கிக்கொண்டு இருந்தார். துறைமுகத்துக்குத் திரும்புகிற இடத்தில், தனக்குத் தோன்றிய இடத்தில், வண்டியை நிறுத்திக் கடலைப் பார்த்தாள். வேண்டுமட்டும் பார்த்தாள்.

கேரளா நம்பர் போட்ட பெரிய வண்டி ஒன்று அவர்களைத் தாண்டிப்போய் நின்றது. இறங்கி வந்த ஆள் பச்சைக் காரைத் தடவிப் பார்த்துவிட்டு, நேரே யேசுரத்தினத்தின் பக்கம் போய்க் குனிந்தார்.

"சேட்டா, வண்டி கொடுக்குமோ? சேட்டன் பறயுந்ந விலை." சொல்கிற விலைக்கு வாங்கிக்கொள்கிறாராம்.

ராகேல் சாவிமேல் கையை வைத்தாள். இந்த மனுஷன் எவருக்காவது இல்லை என்று சொல்லி அவள் கேட்டதில்லை. யேசுரத்தினம் வாயைத் திறந்தார், மூடினார். தாடையைச் சொறிந்தார். வந்த ஆள் கைகுலுக்கவே கையை நீட்டிவிட்டார்.

"என்கிட்ட கேட்டு ஒரு காரியமும் இல்ல," என்றார் யேசுரத்தினம். "வண்டிக்கு உடமக்காரி அந்தப் பக்கம் இருக்கா. அங்க போய்க் கேளுங்க."

அந்த ஆள் நீட்டிய கையோடு பானட்டைச் சுற்றி வலது பக்கம் வந்தார்.

"விக்கதுக்கு இல்ல," என்றாள் ராகேல்.

சாவியைத் திருகினாள். ஸ்டார்ட்டர் ஒரு முறை இருமிவிட்டு அடங்கிப்போயிற்று. மறுபடியும் திருகினாள். அசைவில்லை. யேசுரத்தினம் அவளைப் பார்த்தார். மாருதி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்திருக்கும். விழுங்கிவிட்டார்.

"ரெண்டுபேரும் பின்னால போய்த் தள்ளுங்க," என்றாள்.

தள்ளினார்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நிறுத்தினால் அணைந்துவிடும் என்று பயந்து கொஞ்ச தூரம் ஓட்டிப்போய், ஓரத்தில் எஞ்சினை உறுமவிட்டபடி காத்திருந்தாள். யேசுரத்தினம் மூச்சு வாங்க நடந்துவந்து, இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.